ஆறு சக்கர மூன்றாம் வகுப்பு

"டீச்சர், பெட்டியில தப்பில்ல. தண்டவாளம்தான் தப்பு."

அம்பலவாணன் இதைச் சொல்லிவிட்டு மடித்த காகிதம் ஒன்றை யூனிஸ் முன்னால் வைத்தார்.

யூனிஸ் அதைப் பிரித்துப் பார்த்தாள். மாடல் ரயில் சங்கத்தின் மேசை முழுவதையும் அவர் சர்வே செய்திருந்தார். நான்கு வளைவுகளுக்கும் எண் போட்டு, அம்புக்குறி போட்டு, வடக்கு திசைகூடக் காட்டியிருந்தார். இரண்டாம் வளைவுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "ஆக்கிரமிப்பு உள்ளது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக இருந்த மனுஷர். பழக்கம் எங்கே போகும்?

யூனிஸுக்கு வயது முப்பத்து மூன்று. வாரத்தில் ஆறு நாள் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. ஏழாம் நாள் பொன்மலைக்கு வந்து, முன்பு பாட்மிண்டன் ஆடிய இந்தக் கூடத்தில், ரயில் பெட்டி செய்யச் சொல்லிக்கொடுப்பாள். சங்கத்திலேயே சின்னவள் அவள்தான். அறுபத்திரண்டு வயது அம்பலவாணன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் சிரித்தபோது, "அவங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. வேற என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"பெட்டியை வைங்க," என்றாள் யூனிஸ்.

அவர் துணிப்பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார்.

அழகான பெட்டி. அதில் சந்தேகமே வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழைய வரைபடம் ஒன்றை வைத்து, ஆறு சக்கர மூன்றாம் வகுப்புப் பெட்டியை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்திருந்தார். விரல் நீளம்தான். ஜன்னல்களுக்கு மரச் சட்டம், ஜன்னலுக்கு மேலே வெயில் மறைக்கும் தட்டி, இரண்டு பக்கமும் நீளப் படிப்பலகை, உள்ளே மரப் பெஞ்சு. பெஞ்சுக்கு அடியில் எவன் கண்ணுக்கும் படாத இடத்தில்கூட ஆணித்தலை வைத்திருந்தார். எட்டு மாத வேலை.

யூனிஸ் விரலால் தள்ளினாள். நேர் பாதையில் பெட்டி வழுக்கிக்கொண்டு போனது. வளைவில் ஏறியதும் முன் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறி, வெளியே இறங்கி, பெட்டி சாய்ந்துவிட்டது.

"எது முதல்ல எறங்குச்சு?"

"முன் அச்சு. மூணு தடவை மாத்திட்டேன் டீச்சர். இது நாலாவது."

"நடு அச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல. அது பாட்டுக்கு ஒழுங்கா நிக்குது."

யூனிஸ் குனிந்து நடு அச்சைப் பார்த்தாள். பிறகு காகிதத்தை எடுத்தாள்.

"இந்த வளைவை எப்படிப் போடணும்கிறீங்க?"

"ஒன்றரை அடி ரேடியஸ்ல வளைச்சிருக்காங்க. எண்பத்தேழால பெருக்கிப் பாருங்க. நூத்திமுப்பது அடி. எந்த ரயில்வேயிலயும் பாசஞ்சர் வண்டிக்கு இப்படிப் போட மாட்டான். இது மாட்டு வண்டி திரும்புற பாதை."

"சரியாப் போட்டா?"

"குறைஞ்சது பதினேழு அடி ரேடியஸ் வேணும்."

"கூடம் எவ்வளவு அகலம்?"

"இருபத்திரண்டு அடி." அவர் கொஞ்சம் யோசித்தார். "பத்தாது. சுவரை இடிக்கணும்."

"சுவருக்கு அந்தப் பக்கம்?"

"ரேஷன் கடை."

யூனிஸ் காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

அடுத்த ஞாயிறு ஆண்டுக் கண்காட்சி. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் செய்த பெட்டியை ரயிலின் கடைசியில் கோத்து நூறு சுற்று ஓட்டுவார்கள். விழாமல் ஓடினால் தலைவர் காளத்திநாதன் அந்த இடத்திலேயே தூரிகை எடுத்து அதற்கு ஓட்ட எண் எழுதுவார். அது ரயிலில் சேர்ந்துவிடும். மூன்று தடவை விழுந்தால் வாசலுக்குப் பக்கத்திலுள்ள கண்ணாடி அலமாரிக்குப் போகும். "பார்வைக்கு மட்டும்" என்று ஓர் அட்டையும் உண்டு. அலமாரிக்குப் போன பெட்டி திரும்பி வந்ததில்லை.

முந்தைய மாதங்களில் நடந்த ஓட்டங்களில் அம்பலவாணனின் பெட்டி இரண்டு தடவை விழுந்திருந்தது.

"இவ்வளவு அழகா இருக்கு, அலமாரியில வச்சா நாலு பேர் பாப்பாங்கல்ல?" என்று யாரோ ஆறுதல் சொல்லப்போய், அவர் இரண்டு நாள் கூடத்துப் பக்கமே வரவில்லை. வேறொருவர் தந்திரம் சொல்லிக்கொடுத்தார். நடுச் சக்கரத்தின் விளிம்பைத் தேய்த்து, சக்கரத்தையும் கொஞ்சம் தூக்கிவிட்டால் தண்டவாளத்தைத் தொடாமலே தொங்கும், பெட்டி நாலு சக்கரத்தில் சுகமாக ஓடும், மேலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

அம்பலவாணன் இப்போது அதையும் யூனிஸிடம் கேட்டார்.

"தொடாத சக்கரம் எதுக்கு சார்?" என்றாள் அவள்.

"நானும் அதைத்தான் சொன்னேன்."

"அப்ப ஏன் என்கிட்ட கேக்கறீங்க?"

அவர் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், நான் எத்தனையோ ஆயிரம் கல்லு நட்டிருக்கேன். எல்லாம் நட்ட இடத்துலயே நிக்குது. அது நகர்ந்தா எனக்கு வேலை போயிடும். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அந்தக் கல்லுக்கு ரெண்டு பக்கமும் நின்னு என்னைத் திட்டிட்டுப் போவானுங்க. ஆயுசு பூரா அப்படியே போச்சு. நான் செஞ்சது ஒண்ணாவது ஓடணும் டீச்சர். ஓடி நான் பாக்கணும்."

இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

யூனிஸ் எழுந்தாள்.

கண்காட்சிக்காகக் கூடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியநாயகம், ஜமால் என்று இரண்டு பெயிண்டர்கள். அவர்களுடைய மூங்கில் ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. பதினான்கு அடி ஏணி.

"அண்ணே, ஏணியைக் கொஞ்சம் தர்றீங்களா? ஆளும் வேணும்."

"எங்க ஏறணும்மா?" என்றார் பெரியநாயகம்.

"ஏற வேணாம். தூக்கிட்டு நடக்கணும்."

அம்பலவாணன் பக்கம் திரும்பி, சாக்குக்கட்டியைக் கொடுத்தாள்.

"சார், தரையில ஒரு வளைவு போடுங்க. பதினஞ்சு அடி ரேடியஸ். இடது பக்கம் திரும்பணும்."

இது அவருக்குப் பிடித்த வேலை. ஜமாலைக் கயிற்றின் ஒரு முனையைத் தரையில் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையில் சாக்குக்கட்டியோடு குனிந்து நடந்தார். கால் வட்டம் பிசிறில்லாமல் விழுந்தது. இரண்டு முனையிலும் நேர்க்கோடு இழுத்துச் சேர்த்தார். தன் வேலையைத் தானே ஒரு தடவை பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

"மூணு பேரும் ஏணியை இடது தோள்ல வைங்க. பெரியநாயகம் அண்ணன் முன்னால, ஜமால் அண்ணன் பின்னால. சார் நடுவுல."

வைத்தார்கள்.

யூனிஸ் மூன்று துண்டுகளை வாங்கி ஏணியை மூன்று பேர் தோளோடும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"கோட்டு மேலயே நடங்க. யார் காலும் கோட்டை விட்டு இறங்கக் கூடாது."

"இது என்னம்மா பூசை?" என்றார் ஜமால்.

"நடங்கண்ணே."

நேர்க்கோட்டில் மூன்று பேரும் ஜோராக நடந்தார்கள். வளைவுக்குள் வந்ததும் ஏணி அம்பலவாணனை இடது பக்கம் இழுத்தது. ஓர் அடி உள்ளே போய்விட்டார்.

"கோடு," என்றாள் யூனிஸ்.

"இழுக்குது டீச்சர்."

"மறுபடி முதல்லேருந்து வாங்க."

இரண்டாம் தடவையும் அதே கதை. அம்பலவாணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் போட்ட கோடு, அவர் காலே அதில் நிற்கவில்லை என்றால் எப்படி?

மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, பாதத்தை ஊன்றி ஊன்றி வைத்தார். இந்த முறை அவர் கோட்டை விடவில்லை. வளைவின் பாதியில் முன்னால் போன பெரியநாயகம்தான் தள்ளாடி, கோட்டைத் தாண்டி, வெள்ளையடிக்கிற வாளியில் காலை வைத்தார்.

"யோவ், யாருய்யா தள்ளுறது?" என்று கத்தினார் பெரியநாயகம்.

"நான் தள்ளலையே. நான் பாட்டுக்கு ஒழுங்காத்தானே வந்தேன்," என்றார் அம்பலவாணன்.

சொன்ன வாய் அப்படியே நின்றது.

பெரியநாயகம் வாளியிலிருந்து காலை உதறிக்கொண்டிருந்தார். அம்பலவாணன் அந்தக் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார். தோளில் துண்டு இறுகிக் கிடந்தது.

"டீச்சர், இந்தக் கட்டை அவுத்துடட்டுமா?"

யூனிஸ் ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டாள்.

அவரே அவிழ்த்தார். அவருடைய துண்டை மட்டும். முன்னாலும் பின்னாலும் இருந்த கட்டுகளைத் தொடவில்லை.

"இன்னொரு தடவை நடப்போம்ண்ணே," என்றார்.

"இதுதான் கடைசி. எனக்குச் சுவரு காயுது," என்றார் பெரியநாயகம்.

நடந்தார்கள். வளைவுக்குள் வந்ததும் ஏணி மெல்ல அம்பலவாணன் தோளை விட்டு நழுவியது. அவர் தடுக்கவில்லை. இடது கையை நீட்டினார். ஏணி முழங்கைக்கு வந்து, மணிக்கட்டுக்கு வந்தது. அவர் கை ஏணியைத் தாங்கிக்கொண்டிருந்தது, கால் கோட்டில் இருந்தது. முன்னால் பெரியநாயகமும் கோட்டில், பின்னால் ஜமாலும் கோட்டில். வளைவு முடிந்து நேர்க்கோடு வந்தபோது ஏணி தானாகவே மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் முழங்கையிலிருந்து தோளுக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்பலவாணன் ஏணியை இறக்கிக்கூட வைக்காமல், "பதினாலு அங்குலம்," என்றார். "பதினாலு அங்குலம் விட்டுக்கொடுத்திருக்கேன்." கண் எங்கேயோ இருந்தது, உதடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. "அப்ப பெட்டிக்கு... ஒன்றேகால் மில்லி. கொஞ்சம் கூட. ஒன்றரையே வச்சுக்கலாம்."

"ஏணியைக் கீழ வைய்யா," என்றார் ஜமால்.

திரும்பிப் பார்த்தபோது யூனிஸ் இல்லை. வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

அந்த வாரம் அம்பலவாணன் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். நடு அச்சைத் தாங்கும் இரண்டு கால்களை அவர் பித்தளையில் அறுத்துச் செய்திருந்தார். எட்டு மாத வேலையில் அவருக்கு ரொம்பப் பெருமை அதில்தான். வரைபடத்திலிருந்து ஒரு மயிரிழைகூட விலகாத கால்கள். அவற்றை இப்போது வெட்டி எறிய வேண்டும். திங்கள்கிழமை ரம்பத்தை எடுத்தார், வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமையும் எடுத்து வைத்தார். தான் போட்ட கோட்டைத் தானே அழித்து அவருக்குப் பழக்கமே கிடையாது.

புதன்கிழமை காலை வெட்டினார்.

வெட்டிய இடத்தில் மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்றைக் குறுக்கே பற்றவைத்து, அதற்குள் நடு அச்சு இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் நழுவி வருகிற மாதிரி செய்தார். நான்கு குழாய் வீணாகிப் போனது. ஐந்தாவது குழாயில் அச்சு எண்ணெய் பட்டதுபோல நகர்ந்தது. விரலால் இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். பிறகு சாப்பிடப் போனார்.

சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிறு பத்து மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. வெள்ளை அடித்த சுவர், மேசையைச் சுற்றி மூன்று வரிசை ஜனம். பெரியநாயகமும் ஜமாலும் வேட்டி கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் நின்றார்கள். தலைவர் காளத்திநாதன் முன்னாள் ரயில்வே பெட்டிப் பரிசோதகர். உத்தியோக காலத்தில் நடைமேடையில் நடந்துகொண்டே, சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தை வைத்தே விரிசல் சொல்வார் என்று பேர். இரக்கம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள்.

"மூணாவது தடவை," என்றார் அம்பலவாணனிடம்.

"ஆமா சார்."

"விழுந்தா அலமாரி."

"தெரியும் சார்."

பெட்டியைக் கடைசியில் கோத்தார்கள். யூனிஸ் வேகக் கட்டுப்பாட்டுக் குமிழைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்பலவாணனைப் பார்க்கவில்லை, அவரும் அவளைப் பார்க்கவில்லை.

ரயில் கிளம்பியது.

நேர் பாதை. முதல் வளைவு. முன் சக்கரம் உள்ளே போனது, நடுச் சக்கரம் சத்தமில்லாமல் வெளிப்பக்கம் நகர்ந்தது, பின் சக்கரம் தொடர்ந்தது. பெட்டி நிமிர்ந்து வளைவைக் கடந்தது. அடுத்து இரண்டாம் வளைவு, அந்த ஆக்கிரமிப்பு வளைவு. அதையும் கடந்தது.

"ஒண்ணு," என்றார் எண்ணுகிறவர்.

அம்பலவாணன் பெட்டியோடு நடக்க ஆரம்பித்தார். மேசை விளிம்புக்குக் கண்ணை இறக்கி, குனிந்தபடியே, ரயிலுக்குச் சமமாக மேசையைச் சுற்றினார். ஜனம் விலகி வழிவிட்டது. பத்தாவது சுற்றில் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் அதையும் சுற்றிக்கொண்டு போனார். முப்பதாவது சுற்றில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. ஐம்பதில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அறுபத்தெட்டாவது சுற்றில் பெட்டி லேசாகக் குலுங்கியது.

அம்பலவாணன் நின்றுவிட்டார். குலுங்கிய பெட்டி குலுக்கத்தை உதறிவிட்டு அவரைத் தாண்டிப் போனது. தண்டவாளத்தில் ஒரு துளி சுண்ணாம்பு காய்ந்து கிடந்தது. யூனிஸ் விரல் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தாள். பெரியநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

எண்பதுக்கு மேல் எண்ணுகிறவர் தனியாக எண்ணவில்லை. முதல் வரிசை சேர்ந்துகொண்டது. தொண்ணூறுக்கு மேல் கூடம் மொத்தமும் எண்ணியது. பக்கத்து ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் பையோடு எட்டிப் பார்த்தார்கள்.

"தொண்ணூத்தொம்பது."

அம்பலவாணன் இப்போது நிமிர்ந்து நடந்தார்.

"நூறு."

கைதட்டலில் புதுச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். ஜமால் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அம்பலவாணன் சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒன்றாகவே செய்தார். அவரை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை. ரயிலை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காளத்திநாதன் மட்டும் கை தட்டவில்லை. இரண்டாம் வளைவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பெட்டி வந்தது. போனது. இன்னொரு தடவை வந்தது.

"நடு அச்சு நகருது," என்றார்.

கைதட்டல் அடங்கிவிட்டது.

"ஆமா சார்."

"படத்தைக் கொடுங்க."

அம்பலவாணன் வரைபடத்தை எடுத்துக் கொடுத்தார். காளத்திநாதன் அதை மேசையில் விரித்து, நடு அச்சின் மேல் விரலை வைத்தார்.

"இதுல நகரல."

"இல்ல சார்."

"மயிரிழை பிசகாம செய்யறவர்னு உங்களைப் பத்திச் சொல்வாங்க. படத்துல இல்லாததைச் செஞ்சுட்டு வந்து நம்பர் கேட்டா எப்படி?"

அம்பலவாணன் யூனிஸ் இருந்த பக்கம் திரும்பினார். அவள் குமிழில் கை வைத்தபடி ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் ரயிலைப் பார்த்தார்.

"படம் நின்னுக்கிட்டிருந்த பெட்டியைப் பாத்து வரைஞ்சது சார்," என்றார்.

காளத்திநாதன் வரைபடத்தைப் பார்த்தார். ரயில் ஒரு சுற்று போய் வந்தது. அதன் பிறகு அவர் வரைபடத்தை அழகாக மடித்து அம்பலவாணன் கையில் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து தூரிகையை எடுத்தார். வெள்ளைப் பெயிண்ட் புட்டியின் மூடியைத் திறந்தார்.

"வண்டியை நிறுத்தும்மா. நம்பர் எழுதணும்."

யூனிஸின் கை குமிழைத் திருகப் போனது.

"நிறுத்தாம எழுத முடியாதா சார்?" என்று கேட்டார் அம்பலவாணன்.